ஊதுங்கோ

வண்டிகளின் முகம் எனக்குத் தெரியாது.
பதினோரு வருஷமாய்ப் பின்பக்கம்தான் பழக்கம்.
ஆமர் வீதியில் டயர்க்கடைக்கும் இடியப்பக் கடைக்கும் நடுவே
ஒரு தகரக் கூரை, ஒரு யந்திரம், ஒரு மேசைவிசிறி,
நான்.

புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகி
"மிதியுங்கோ" என்பேன்.
மிதிப்பார்கள்.
திரையில் எண் ஏறும், தயங்கும், நிற்கும்.
சித்தி என்றால் ஒரு தாள்.
சித்தியில்லை என்றாலும் ஒரு தாள்தான்,
அதை வாசல் தாண்டுமுன் கசக்கிவிடுவார்கள்.

சந்தியில் அரசமரம். அதன் கீழ்
கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர்.
த்ரீவீல்காரர்கள் விடியவே பெட்டியைத் துடைத்துப் பூ வைப்பார்கள்.
இலைகளை யாரும் துடைப்பதில்லை.
பஸ்ஸுக்கு நின்ற ஒரு நாள்
தாழ்ந்த இலையொன்றில் விரலால் என் பெயரை எழுதினேன்.
'செப' வரைக்கும் இலை போதுமாயிருந்தது,
'மலரு'க்கு இடமில்லை.
மழை வரும்வரை கறுப்பில் பச்சையாய் அது கிடந்தது.
இந்த ஊரில் கண்ணாடிக்குள் இருக்க வாய்த்தது
அவருக்கும், ஏசி போட்ட கார்க்காரருக்கும்.

நவ்ஃபர் நானாவின் ஸ்கூல் வான்
வருஷம் தவறாமல் என்னிடம்தான் வரும்.
பம்ப் திருகை அரைச்சுற்று இறுக்கிக்கொண்டு வருவார்.
பொனற்றில் தட்டி, "இண்டக்கி மட்டும் நல்லா மூச்சு விடு மகளே" என்பார்.
விடும்.
சித்தி.
டயர்க்கடை வாசலிலேயே குனிந்து
அரைச்சுற்றைத் தளர்த்துவார்.
கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் அது கறுப்பாய்த் துப்பிக்கொண்டு போகும்.
உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள்.
தாளில் என் கையெழுத்து.

போன புதன்கிழமை
நெஞ்சுக் கிளினிக்கில் என் மூக்கில் கிளிப் மாட்டினார்கள்.
வாயில் ஒரு குழாய்.
"பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ, தவ" என்றாள் தாதிப் பெண்,
பந்தயக் குதிரையைத் துரத்துகிற மாதிரி.
திரையில் எண் ஏறியது.
தயங்கியது.
அந்தத் தயக்கத்தை நான் அறிவேன்.
நின்றுவிட்டது.

தமிழ் தெரிந்த டொக்டர் கேட்டார்:
"சிகரட் குடிப்பீங்களா?"
இல்லை.
"வீட்டில யாராவது?"
இல்லை. வேலை செய்யிற இடத்தில.
"எத்தனை பேர்?"
மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.
"ஒரு நாளைக்கு நாற்பது பேர் சேர்," என்றேன்,
"போயா நாளுக்கு இல்லை."
அவர் எழுதிக்கொண்டே போனார்.

வியாழன் ஒன்பது மணிக்கு வான் வந்தது.
"நானா, திருகைத் தளர்த்துங்கோ."
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
"தளர்த்திப்போட்டு மிதியுங்கோ."
கொட்டில் இருண்டது. இடியப்பக் கடைக்காரர்
அவசரமாய்த் தட்டுகளை மூடினார்.
எண் தயங்கவேயில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.
தாளை நீட்டினேன்.
"தங்கச்சி, புள்ளைகள ஏத்தணுமே," என்றார்,
கோபமில்லாமல். அதுதான் கஷ்டமாயிருந்தது.
பம்புக்கு அவர் கொடுக்க வேண்டிய காசு
எனக்குத் தெரியும். என் மூன்று மாதச் சம்பளம்.

பதினொன்றரைக்குள்
வேறெங்கோ அரைச்சுற்று இறுக்கி
சித்தி வாங்கிவிட்டார்.
இரண்டு மணிக்கு
அதே வானில் என் மகள் வந்து இறங்கினாள்.
வெள்ளைச் சீருடை, கொலர் மடிப்பில்
பென்சில் கோடு போல ஒரு கறுப்பு.
அது சோப்புக்குப் போய்விடும்.

கதவடியில் குந்தி
அவள் வாய்க்கு முன்னால் கையை விரித்தேன்.
"ஊது."
ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து
கன்னம் உப்ப, கண் பிதுங்க
ஊதினாள், சிரித்தாள், திரும்ப ஊதினாள்.

உள்ளங்கையில் எண் எதுவும் ஏறவில்லை.
சூடு மட்டும்.